புக்கிங் இல்லாமல் ஏறிய டோரீன்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். என் வேலையில் ஏதாவது கோளாறு நடந்தால் இப்படித்தான் எழுதுவோம். காரணமும் கருத்தும் பிறகு.

1. ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். என் கணவர் பாஸ்கர் இங்கே வட இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரத்தில் ஆப் டாக்சி ஓட்டுகிறார். ஒரு பயணியை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, ஆப்பை அணைத்துவிட்டு, சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினார்.

2. நல்ல மழை. எதிரே பேருந்து நிறுத்தத்தில் கையில் மாவுக்கட்டோடு டோரீன் என்ற பெண்மணி நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பேருந்தை நிறுத்திவிட்டது அவருக்குத் தெரியாது. பாஸ்கருக்குத் தெரியும்.

3. பாஸ்கர் கண்ணாடியை இறக்கி எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அவர் சொன்ன ஊர் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. ஏற்றிக்கொண்டார். பணம் கேட்கவில்லை, அவர் நீட்டியபோதும் வாங்கவில்லை.

4. மருத்துவமனை டாக்சி ஸ்டாண்டில் நின்ற இன்னொரு ஓட்டுநர் அதைப் படம் எடுத்து, டாக்சி உரிமம் தருகிற நகர சபைக்கு அனுப்பினார்.

5. நகர சபை விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியது. பாஸ்கர் என்னிடம் சொல்லாமல் பதில் எழுதினார்.

6. அந்தப் பதிலால் விளக்கம் விசாரணை ஆனது. ஆப் நிறுவனம் அவருடைய ஐடியை முடக்கியது.

7. போன வாரம் விசாரணை நடந்தது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு மூன்றாவது வரியில் என்ன குற்றம் என்று புரியாது. எனக்கும் முதலில் புரியவில்லை.

*

இங்கே வாடகைக் கார் இரண்டு வகை. ஒன்று, கூரையில் விளக்கு எரிகிற டாக்சி. அது ஸ்டாண்டில் நிற்கலாம்; தெருவில் கை காட்டினால் நிறுத்தி ஏற்றலாம். மற்றது பாஸ்கர் ஓட்டுவது. அதற்கு முன்பதிவு வேண்டும். முதலில் புக்கிங், பிறகுதான் கதவு திறக்க வேண்டும். ஊரில் மஞ்சள் போர்டு, ஒயிட் போர்டு என்று சண்டை நடக்குமே, கிட்டத்தட்ட அதே சண்டைதான். ஸ்டாண்டில் நிற்கும் உரிமைக்காக அவர்கள் தனியாகப் பரீட்சை எழுதி, தனியாக வண்டி வாங்கி, மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். புக்கிங் இல்லாமல் ஆள் ஏற்றுகிற கார் அவர்கள் சோற்றில் கை வைக்கிறது. படம் எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பாஸ்கருக்கு வரவில்லை. "அவரு இடத்துல நின்னா நானும் எடுப்பேன்," என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. புக்கிங் இருந்தால் யார் யாரை எங்கே ஏற்றினார் என்பது எங்காவது பதிவாகியிருக்கும். இல்லையென்றால் அந்தப் பயணம் நடக்கவே இல்லை. விபத்து ஆனால் காப்பீடு கைவிரிக்கலாம். ஒரு பெண் காணாமல் போனால் தேட நுனி இருக்காது.

நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பார்க்கிற பொறியாளர். அங்கே இன்டர்லாக் என்று ஒன்று உண்டு. குளோரின் அளவு சரி என்று கருவி சொல்லாதவரை தண்ணீர் வெளியே போகிற வால்வு திறக்காது. நான் நல்லவள், அவசரம், எனக்குத் தெரியும் என்று எதைச் சொன்னாலும் அதற்குக் கேட்காது. கேட்காமல் இருப்பதுதான் அதன் வேலை. இதை நான் பாஸ்கரிடம் சொன்னேன். அவர் சொன்னார், "வால்வு மழையில நனையாதுல்லா."

*

அவருடைய பதிலைப் பற்றி எழுத வேண்டும்.

தூத்துக்குடியில் பாஸ்கர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீசில் இருந்தார். கப்பலில் வந்த சரக்குக்குச் சுங்கத்தில் தாள் போட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த வேலையில் பாதி, மன்னிப்புக் கடிதம் எழுதுவது. தாள் ஒரு நாள் தாமதமானால் கடிதம். எடையில் ஒரு இலக்கம் மாறினால் கடிதம். கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம், இனி நடக்காது, தயைகூர்ந்து பொறுத்தருள வேண்டும். பிழை யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. சில சமயம் அதிகாரியின் பிழைக்கே இவர்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். கடிதம் வந்தால் கோப்பு நகரும். அவ்வளவுதான் அதன் பொருள்.

நகர சபை மின்னஞ்சலுக்கும் அவர் அதையே எழுதினார். நல்ல ஆங்கிலத்தில், பிழையில்லாமல். முன்பதிவின்றி ஒரு பயணியை ஏற்றியது உண்மை, வருந்துகிறேன், இனி நடக்காது, பொறுத்தருள்க.

எனக்கு அடுத்த நாள் காட்டினார். நான் இரண்டு தடவை படித்தேன்.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"இதுல கேக்க என்னளா இருக்கு. தப்புன்னு ஒத்துக்கிட்டா விட்டுருவாவ. வம்பு பண்ணாத்தான் புடிப்பாவ."

"இங்க ஒத்துக்கிட்டா எழுதி வச்சுக்குவாங்க."

அவர் அதை வாங்கி மறுபடி படித்தார். பிறகு, "மழை பெய்ஞ்சதையாவது எழுதியிருக்கலாம்," என்றார்.

உண்மைதான். மழை, மாவுக்கட்டு, நின்றுபோன பேருந்து, பணம் வாங்காதது, எதுவும் அதில் இல்லை. மன்னிப்புக் கடிதத்தில் காரணம் சொன்னால் எதிர்த்துப் பேசுவது போல ஆகிவிடும் என்பது துறைமுகத்துப் பழக்கம்.

ஓட்டுநர் சங்கத்தில் ரஃபீக் என்பவர் இருக்கிறார். பாகிஸ்தானிலிருந்து சின்ன வயதிலேயே வந்து, முப்பது வருடமாக இங்கே ஓட்டுகிறவர். விசாரணைகளுக்கு ஓட்டுநர்களோடு துணைக்கு வருவார். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இதை யார் எழுதிக் கொடுத்தது? உனக்கு எதிராக வாதாடப் போகிறவரா?" என்று கேட்டார்.

பிறகு இதனால் எதையெல்லாம் இழக்க நேரலாம் என்பதைச் சொன்னார். உரிமத்தைப் பறித்தால் இந்த ஊரோடு முடியாது. இங்கிலாந்தில் எந்த ஊரில் விண்ணப்பித்தாலும், இதற்கு முன் உரிமம் ரத்தாகியிருக்கிறதா என்பது ஒரு கேள்வியாக வரும். அதற்கு ஆம் என்று எழுதியவருக்கு யாரும் எளிதில் கார் சாவி தருவதில்லை.

பாஸ்கர் என் விசாவில் வந்தவர். வந்த புதிதில் இரண்டு வருடம் வீட்டில் இருந்தார். துறைமுகத்தில் வாயிற்காவலர் முதல் கிரேன் இயக்குகிறவர் வரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனிதர், இங்கே பால் வாங்கப் போய் யாரிடமும் பேசாமல் திரும்பி வருவார். உரிமம் கிடைத்த அன்று அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சாப்பிட்டார். அதற்காக ஊரிலிருந்து காவல் துறைச் சான்று வரவழைத்து, மருத்துவச் சோதனை முடித்து, இந்த ஊர்த் தெருக்களை எங்கள் ஊர்த் தெருக்களை விட நன்றாக மனப்பாடம் செய்திருந்தார். விசாரணைக்கு நாள் குறித்த பிறகு அட்டையைக் கழற்றி டிராயரில் வைத்தார். பேச்சு மறுபடி குறைந்தது.

*

எங்கள் மகள் தாரிணிக்கு ஆறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், அதுவும் இந்த ஊர்க்காரர்களின் ஆங்கிலத்தில். என்னைச் சில சமயம் "மம்" என்கிறாள். நான் திருத்துகிறேன். இரண்டு நாள் திருந்துகிறாள்.

நாங்கள் சாப்பாட்டு மேசையில் இதைப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறாள். பாஸ்கரிடம் போய் நின்றாள். கோபமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. பள்ளியில் சொல்லிக் கொடுத்ததைச் சரிபார்க்கிற குரல்.

"டாடி, ஸ்ட்ரேஞ்சர் கார்ல ஏறக்கூடாது. டோரீன் ஏன் ஏறினாங்க?"

"அப்பா நல்லவன்னு தெரிஞ்சிருக்கும்லா."

"ஹவ் வுட் ஷி நோ?"

பாஸ்கர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். என் இன்டர்லாக் விளக்கம் முழுவதையும் அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். அவள் எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அன்று, அவள் போகிற இடத்திலும் காரணங்கள் இருக்கின்றன என்று தோன்றியது.

*

என் அண்ணன் முத்துவும் கார்தான் ஓட்டுகிறான். மஞ்சள் போர்டு. தூத்துக்குடி ஸ்டேஷன், வாகைக்குளம் விமான நிலையம், திருச்செந்தூர் என்று சுற்றுவான். பாதி ஆப்பில், பாதி தெரிந்தவர்களுக்கு. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டான்.

"ஏளா, அங்கன ரோட்டுல நிக்கிறவள ஏத்துனா கேஸா? இங்கன ஏத்தாம வந்தா ஏசுவாவ."

அது உண்மை. போன தடவை ஊருக்குப் போனபோது அண்ணன்தான் விமான நிலையத்திலிருந்து சாகுபுரத்துக்கு அழைத்துப் போனான். எங்கள் அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வீடு அங்கேதான். பழையகாயல் தாண்டி உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ரோட்டோரம் ஒரு அம்மா இரண்டு பைகளோடு நின்றார். அண்ணன் என்னைக் கேட்கவில்லை. வண்டி நின்றது, பின் கதவு திறந்தது, நானும் தாரிணியும் நகர்ந்து உட்கார்ந்தோம், பை என் மடிக்கு வந்தது. எங்கே போகிறார் என்பதே வண்டி நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆத்தூரில் இறங்கினார். ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்தார். எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

தாரிணி அன்று என் காதில் அவங்க யார் என்று கேட்டது நினைவிருக்கிறது. தெரியாது என்றேன். அவள் விழித்தாள்.

அண்ணன் சிரித்து முடித்ததும் குரல் மாறியது. மூன்று மாதம் முன்பு அவன் ஐடியும் பிளாக் ஆகியிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. எந்தப் பயணி என்ன புகார் சொன்னார் என்று இன்றுவரை தெரியாதாம். ஆப்பில் கேட்டால் உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வருமாம். ஆபீஸ் மதுரையில் என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்திருக்கிறான். அந்த முகவரியில் டைல்ஸ் கடை இருந்திருக்கிறது.

"ஒன் மாப்ளைய கூப்பிட்டு வச்சு கேக்கவாச்சும் செய்யுதானுவ. என்னைய யாரு கேட்டா?"

நான் விசாரணையை ஒரு தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கேட்கிற காது என்பது அண்ணன் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. பாஸ்கரின் ஆப்பிலிருந்து வந்ததும் அதே மாதிரி ஒரு வரிதான்: உங்கள் கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. கையெழுத்து இல்லை. நகர சபைக் கடிதத்தில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. கூப்பிட்டால் அந்தப் பெயருக்குரியவரே எடுத்தார்.

*

விசாரணை அறை எங்கள் பள்ளிக்கூட ஆய்வுக்கூடம் அளவுதான். நகர சபை உறுப்பினர்கள் மூவர். நடுவில் தலைவர், நரைத்த கிராப் வெட்டிய ஒரு பெண்மணி. ஓரத்தில் சபையின் வழக்கறிஞர். எங்கள் பக்கம் பாஸ்கர், ரஃபீக், பின்னால் நான். எனக்குப் பக்கத்தில் டோரீன். ரஃபீக் தேடிப் பிடித்து அழைத்ததும், மாவுக்கட்டோடு இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்.

பாஸ்கர் இந்த உரிமத்தை வைத்திருக்கத் தகுதியும் நேர்மையும் உள்ள ஆள்தானா என்பதை முடிவு செய்ய வேண்டும் என்று தலைவர் சொன்னார். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைப் பெண் வீட்டார்தான் கேட்பார்கள், அதுவும் நேரில் கேட்க மாட்டார்கள்.

முதலில் கடிதம். இனி நடக்காது என்று எழுதியிருக்கிறீர்கள், இதற்கு முன் எத்தனை தடவை நடந்தது என்று வழக்கறிஞர் கேட்டார். பாஸ்கர் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே எல்லாக் கடிதமும் அப்படித்தான் முடியும், முதல் தடவை ஆனாலும். தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, கூலியாகவோ கைம்மாறாகவோ எந்த வடிவத்திலாவது எதையாவது பெற்றீர்களா என்று கேட்டார்.

இதற்கு ஒரே சொல்லில் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதை ரஃபீக் அவருக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார்.

"பணம் வாங்கவில்லை, மேடம்," என்றார் பாஸ்கர். கொஞ்சம் யோசித்தார். "ஆனால் இறங்கும்போது ரூபார்ப் கொடுத்தார். ஒரு பை."

ரஃபீக் கண்களை மூடிக்கொண்டார்.

ரூபார்ப் என்பது சிவப்பாக, கீரைத்தண்டு போல இருக்கும். கடுமையான புளிப்பு. இங்கே தோட்டத்தில் வளர்த்து, சீனி கொட்டி வேகவைத்து இனிப்புப் பண்டம் செய்வார்கள். டோரீன் அவரை வாசலில் நிறுத்தி, ஒற்றைக் கையாலேயே தோட்டத்திலிருந்து பறித்து, இலையை அரிந்து போட்டுவிட்டுக் கொடுத்தாராம். வேண்டாம் என்று சொல்ல இவருக்கும் தோன்றவில்லை. ஆத்தூர் வெற்றிலை மாதிரிதான்.

வழக்கறிஞர் எழுதினார். தலைவர் தலை நிமிர்ந்து, அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"மீன் குழம்பு வைத்தோம், மேடம். புளிக்குப் பதிலாக."

"மீனோடா?"

கேட்டது தலைவர் இல்லை. என் பக்கத்திலிருந்த டோரீன். அந்த அறையில் அதுவரை யாரும் அவ்வளவு அதிர்ந்து பேசவில்லை. மூன்று உறுப்பினர்களில் ஒருவர் கையால் வாயை மறைத்துக்கொண்டார். நன்றாக இருந்தது என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

டோரீன் சாட்சி சொன்னார். தான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை, ரூபார்ப் தானாகத் திணித்தது, இந்த மனிதரைத் தண்டிப்பதென்றால் பேருந்தை நிறுத்தியவர்களையும் இங்கே கூப்பிட வேண்டும். தலைவர் அது வேறு குழு என்றார்.

சிரிப்பால் எதுவும் முடியவில்லை. தலைவர் கடைசியாக ஒரு கேள்வி வைத்திருந்தார். நாளைக்கு அதே மழையில், அதே நிறுத்தத்தில், இதே மாதிரி ஒருவர் நின்றால் என்ன செய்வீர்கள்?

ஏற்ற மாட்டேன் என்பது சரியான பதில். அதை அவர் சொன்னால் பொய் என்று எனக்குத் தெரியும். ஏற்றுவேன் என்றால் உரிமம் போய்விடும். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்கர் திரும்பி டோரீனை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: "வண்டியை நிறுத்துவேன். ஆனால் கதவைத் திறக்க மாட்டேன். நான் நல்லவன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் மகள் கேட்டாள். நான் இறங்கிப் போய்க் குடை பிடிப்பேன். அவருடைய போனிலேயே ஒரு வண்டி புக் செய்து கொடுப்பேன். எதிரே ஸ்டாண்டில் டாக்சி இருந்தால் அதைக் கூப்பிடுவேன். வண்டி வரும் வரை கூட நிற்பேன்."

வழக்கறிஞரின் பேனா நின்றிருந்தது.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். தாழ்வாரத்தில் ரஃபீக், ரூபார்ப் விஷயத்தை எதற்குச் சொன்னாய் என்று கேட்டார். கேட்டார்களே என்றார் பாஸ்கர்.

திரும்ப அழைத்தார்கள். உரிமம் ரத்தில்லை. எழுத்தில் எச்சரிக்கை. முன்பதிவு விதிகள் பற்றிய வகுப்பில் மறுபடி ஒரு தடவை உட்கார வேண்டும். முடிவை நகர சபையே அன்றே ஆப் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும். தகுதியும் நேர்மையும் உள்ளவர் என்று குழு கருதுவதாகத் தலைவர் வாசித்தபோது பாஸ்கர் எழுந்து நின்றார். எழத் தேவையில்லை என்றார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

*

வெளியே வந்தபோது தூறல். டோரீன் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் கார் பத்தடியில் நின்றது. கதவில் நகர சபையின் உரிமத் தகடு ஒட்டியிருந்தது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். நட்பில் சும்மா ஏற்றிப் போவது குற்றமில்லை என்று ரஃபீக் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் வாங்கிய எச்சரிக்கையின் மை காயாத மனிதர், அதே பெண்மணியை, அதே காரில், நகர சபை வாசலிலிருந்து ஏற்ற வேண்டுமா?

பாஸ்கர் காரைப் பூட்டினார். "பஸ்லயே போயிருவோம்," என்றார்.

டோரீனைத் தனியாக அனுப்ப அவருக்கு மனமில்லை. கூடவே போய் வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் மறுபடி பேருந்து பிடித்துக் காரை எடுக்க வந்தோம். போகும்போது டோரீன் வழியெல்லாம் எனக்கு ரூபார்பை எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கேட்டுக்கொண்டேன். அவர் வாசலில் மறுபடி தோட்டத்துப் பக்கம் திரும்பியபோது பாஸ்கர் ஒரு நொடி தயங்கியதைப் பார்த்தேன்.

"பஸ்ல வந்ததுக்கு வாங்கலாம்," என்றேன். வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்றதும் அவன் முதலில் கேட்டது, யாரிடம் எழுதிப் போட்டால் இப்படிக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றுதான்.

இன்றைய நிலை:

பாஸ்கரின் உரிமம் அவரிடமே இருக்கிறது. அட்டை டிராயரிலிருந்து கழுத்துக்கு வந்துவிட்டது. ஐடி முந்தாநாள் திறந்தது. ஏன் மூடினோம், ஏன் திறந்தோம் என்று ஆப் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு அடுத்த மாதம். காரில் இப்போது இரண்டு குடை இருக்கின்றன. டோரீன் மாவுக்கட்டைப் பிரிக்க அடுத்த புதன்கிழமை மருத்துவமனைக்குப் போகிறார். அதற்குத் தாரிணி அவர் போனில் ஆப்பை ஏற்றி, புக் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். யார் வண்டி வரும் என்று தெரியாது. அண்ணனின் ஐடி இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது. அவனுக்காக நான் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் எங்கேயும் மன்னிப்புக் கேட்கவில்லை.